ஆர்சிக்கு +1 போடுவது ஓட்டா, கையெழுத்தா?

2025 மே 30, வெள்ளி, மாலை 6.15
(கேள்வி: பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி)

ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றில் ஆர்சி1-க்கு (ரிலீஸ் கேண்டிடேட், வெளியிடுமுன் சோதிக்கத் தரும் பொதி) ஓட்டுக் கேட்டு மடல் வந்தது. இறக்கினேன், ஓடியது, சம்மதம் என்பதற்கு +1 என்று பதில் போட்டேன். உடனே ஒருவர் "நன்றி, அடுத்த முறை நான்-பைண்டிங் என்று சேர்த்து எழுதுங்கள்" என்கிறார். என் ஓட்டை எண்ண மாட்டார்கள் என்றால் என்னிடம் ஏன் கேட்கிறார்கள்? மூன்று பேர் கை தூக்கினால் முடிகிற காரியத்துக்கு வாக்கெடுப்பு என்று பேர் வைப்பது ஏமாற்று வேலை இல்லையா?

2025 மே 30, இரவு 9.40

திட்டத்தின் பெயரைத் தம்பி சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த மடல் எனக்கும் வந்தது. நான்-பைண்டிங் என்று எழுதச் சொன்ன ஆசாமியையும் நன்றாகத் தெரியும், தினமும் காலையில் அவன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் சவரம் செய்கிறேன்.

அது அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அறக்கட்டளையின் முறையில் நடக்கும் திட்டம். முறை இதுதான்: வெளியீட்டைக் கவனிக்கும் மேலாளர் ஒருவர் மூலநிரல் பொதியைக் கட்டி, தன் டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்டு, ஆர்சி1 என்று வைப்பார். பிஎம்சி எனும் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் போடுவது பைண்டிங், அதாவது கணக்கில் சேரும் ஓட்டு. குறைந்தது மூன்று பைண்டிங் +1 வேண்டும், எதிர்ப்பான -1-ஐ விட +1 அதிகமாக இருக்க வேண்டும், 72 மணிநேரம் திறந்திருக்க வேண்டும். ஒரு -1 விழுந்தால் காரணத்தைச் சரிசெய்யும்வரை வெளியீடு நின்றுவிடும். மற்ற எல்லோரும் ஓட்டுப் போடலாம், அது நான்-பைண்டிங், கணக்கில் சேராது, ஆனால் படிக்கப்படும்.

ஏன் இந்தப் பிரிவினை என்றால், மூன்று பேர் அப்படி ஒப்புக்கொண்டால்தான் அந்த வெளியீடு அப்பாச்சி அறக்கட்டளையின் செயலாகிறது. நாளைக்கு ஏதாவது வழக்கு வந்தால் பொதியைக் கட்டிய ஒரு தனிமனிதன் தலையில் விடியாது. கொஞ்சம் சட்டம், கொஞ்சம் சடங்கு.

ரிலீஸ் கேண்டிடேட்டை "வெளியீட்டு வேட்பாளர்" என்று யாரோ மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். போன 6-ஆம் தேதிதான் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்தது, இன்னும் சுவரில் போஸ்டர் கிழியவில்லை. ஆர்சி என்றே வைத்துக்கொள்வோம்.

2025 மே 31, காலை 7.10

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ஒரு -1 விழுந்தால் வெளியீடு நிற்கும் என்றேன். நிற்காது. நிரல் மாற்றத்துக்குத்தான் அந்த அதிகாரம்: காரணத்தோடு ஒரு பைண்டிங் -1 போட்டால் அந்த மாற்றம் உள்ளே போக முடியாது, அது வீட்டோ. வெளியீட்டுக்கு வீட்டோ கிடையாது. மூன்று +1, இரண்டு -1 என்றால்கூடச் சட்டப்படி நிறைவேறியதுதான். போடலாமா, நிறுத்தலாமா என்பது மேலாளர் பொறுப்பு. நல்ல மேலாளர் -1-ஐப் படித்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்.

இத்தனை வருஷம் பிஎம்சியில் இருந்துகொண்டு இதைத் தப்பாகச் சொன்னதற்குக் காரணம் எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியாக இருக்கலாம். நாற்பது பேர் தேர் இழுக்கத் தேதி குறித்தபிறகு ஒருவர் எழுந்து "அந்தத் தேதி அம்மனுக்கு ஆகாது" என்றால் முடிந்தது. காரணம் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது.

2025 மே 31, மதியம் 2.30

தம்பி மறுபடி கேட்டிருக்கிறார்: "எண்ணாத ஓட்டு எதற்கு அண்ணா?"

இந்தக் கேள்வி மலையகத்தில், இலங்கையின் தேயிலைத் தோட்டப் பக்கத்தில், வேறு மாதிரிக் காதில் விழும் என்பதை மறந்துவிட்டேன். என் தாத்தா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவர். 1948-இல் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை போனது, 1949-இல் ஓட்டுரிமையும் போனது. தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஒரு எழுத்தில் பேர், பிறப்புப் பத்திரத்தில் வேறு எழுத்தில் பேர், அதைச் சொல்லியே விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கிறார்கள். வாழ்நாளில் பெரும்பகுதி அவர் நான்-பைண்டிங். எஞ்சியவர்களின் கணக்கு 2003 குடியுரிமைச் சட்டத்தோடுதான் ஒருமாதிரி தீர்ந்தது. ஆகவே "உன் ஓட்டு எண்ணப்படாது" என்ற வாக்கியத்தை நம் ஆட்களிடம் எழுதும்போது ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் இரண்டும் ஒன்றில்லை. தாத்தாவுக்குக் கதவே கிடையாது. இங்கே கதவு திறந்திருக்கிறது. பிழை கண்டுபிடித்து, திருத்தம் எழுதி அனுப்பி, ஒன்றிரண்டு வருஷம் நின்றால் அவர்களே கூப்பிட்டு உள்ளே சேர்ப்பார்கள். என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள்.

(இன்னொன்று, நேரமும் டேட்டாவும் உள்ளவன்தானே இரண்டு வருஷம் நிற்க முடியும் என்று என் மனைவி பின்னாலிருந்து படித்துவிட்டுச் சொல்கிறார். அதுவும் சரிதான்.)

2025 ஜூன் 1, ஞாயிறு, இரவு 8.20

ஆர்சி1 விழுந்துவிட்டது. மூலநிரல் பொதிக்குள் கட்டி முடித்த (கம்பைல் செய்த) ஜார் கோப்பு ஒன்று கிடந்தது. அப்பாச்சியில் அதிகாரப்பூர்வ வெளியீடு என்பது மூலநிரல் மட்டும்தான், கட்டிய கோப்புகள் வசதிக்காகத் தருவது. மூலநிரலுக்குள் யாராலும் படித்துப் பார்க்க முடியாத ஜார் இருக்கக்கூடாது. மேலாளர் வாக்கெடுப்பை ரத்துச் செய்துவிட்டார். ஆர்சி2-க்கு ஓட்டு முதலிலிருந்து, ஆர்சி1-க்குப் போட்ட +1 கூட வராது.

அந்த ஜாரைக் கண்டுபிடித்தவர் பிஎம்சி இல்லை. அவர் மடலில் -1 (நான்-பைண்டிங்) என்று இருந்தது, கீழே கோப்பின் முழுப் பாதை. அதற்குமுன் இரண்டு பைண்டிங் +1 விழுந்திருந்தது. எண்ணாத ஓட்டு இரண்டு எண்ணும் ஓட்டைக் கவிழ்த்தது, தம்பி கவனிக்கவும்.

தம்பி எழுதிய "ஓடியது, +1" மடலில் எனக்கு இடித்தது அந்த "ஓடியது" தான். எது ஓடியது? கட்டிய கோப்பா, நீங்களே மூலநிரலிலிருந்து கட்டியதா? என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். பொதி, அதன் கையெழுத்துக் கோப்பு, ஷா-512 கோப்பு (பொதியின் கைரேகை மாதிரியான ஹேஷ் எண் உள்ளது) மூன்றையும் இறக்குவேன். ஹேஷ் சரியா என்று பார்ப்பேன், இது இறக்கும்போது கெட்டுப்போகவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அப்புறம் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி, திட்டத்தின் சாவிக் கோப்பில் உள்ளவரின் கையெழுத்துத்தானா என்று. பொதியை விரித்து, நிரல் களஞ்சியமான கிட்டில் அதே டேக்கை (அந்தப் பதிப்புக்கு இட்ட அடையாளத்தை) எடுத்து, இரண்டு கோப்புறையையும் ஒப்பிடுவேன். லைசன்ஸ், நோட்டீஸ் கோப்புகள் இருக்கிறதா. கடைசியில் நிரலைக் கட்டும் கருவியான மேவனை முடுக்கிவிட்டு பிளேன்டீ போடப் போவேன். என் பழைய லேப்டாப்பில் எல்லாச் சோதனையும் ஓட நாற்பது நிமிஷம், புது இயந்திரம் என்றால் அது சார்ந்திருக்கும் மற்ற நிரல்களை இறக்குவதிலேயே ரீலோட் காசு கரைந்துவிடும். சொந்தக் கட்டுப்பாட்டில் உள்ள இயந்திரமாக இருக்க வேண்டும் என்பது விதி, ஹட்டன் டவுனில் கஃபே கம்ப்யூட்டரில் கட்டிப் பார்த்துவிட்டு +1 போட முடியாது.

ஆகவே என் பதில்: இது ஓட்டு மாதிரித் தெரிகிற வாக்குமூலம். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லவில்லை, "இன்ன இயந்திரத்தில் இன்னதைச் செய்தேன், இப்படி வந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

2025 ஜூன் 1, இரவு 11.50

மேலே எழுதியதைப் படித்தால் ஏதோ தவறாமல் செய்கிறவன் மாதிரி இருக்கிறது. தூக்கம் வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

2023-இல் ஒரு வெளியீட்டுக்கு ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு +1 (பைண்டிங்) போட்டேன். ஒன்றையும் இறக்கவில்லை. இரண்டு பேர் ஏற்கனவே போட்டிருந்தார்கள், மூன்றாவது இல்லாமல் நாலு நாளாகக் கிடந்தது, மேலாளர் பாவம் கெஞ்சினார். தலவாக்கலை தாண்டும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, இந்தத் திட்டத்தை வைத்து நான் தேடல் வசதி செய்து கொடுத்த ஒரு பள்ளிக்கூட நூலகத்திலிருந்து போன். "சேர், எங்க ஊர் பேரையே காணோமே." கொட்டகலை என்று தேடினால் பூச்சியம்.

பார்த்தால் இப்படி. யூனிகோடில் "கொ" இரண்டு விதமாக வரலாம். க-வும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியெண்ணாக, அல்லது க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியெண்ணாக. திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது, யூனிகோடும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் கணினி அவற்றை ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அந்த ஒன்றாக்கும் படியை வேகத்துக்காக யாரோ இயல்பு அமைப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். நூலகத்தில் பழைய பதிவுகள் ஒரு விசைப்பலகையில் அடித்தவை, புதியவை வேறொன்றில். கொட்டகலை போச்சு, பொகவந்தலாவை போச்சு, கொத்மலை போச்சு, கொழுந்து என்ற சொல்லே போச்சு. கொழும்பும் போச்சு, அதற்காக அங்கே யாரும் அழவில்லை.

நான் அன்றைக்கு இறக்கி, அந்த நூலகக் கோப்பை வைத்து ஐந்து நிமிஷம் ஓட்டியிருந்தால் பிடித்திருப்பேன். உலகத்தில் வேறு எந்த பிஎம்சி உறுப்பினரிடமும் அந்தக் கோப்பு கிடையாது. ஆகவே தம்பிக்கு நான் எழுதிய அந்த ஒரு வரி மடல், எழுதியவனின் யோக்கியதையோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியது.

2025 ஜூன் 3, இரவு 7.30

லினக்ஸில் இப்படி ஓட்டு எடுக்கிறார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. இரண்டு வாரம் மாற்றங்களைச் சேர்ப்பார்கள், ஆர்சி1, பிறகு வாரம் ஒன்றாக ஆர்சி7 வரைக்கும், சிலசமயம் ஆர்சி8. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் போதும் என்று நினைத்தால் வெளியீடு. லினக்ஸை வைத்துக் கட்டிய டெபியனிலும் வெளியீட்டை அதற்கென்று உள்ள குழுதான் தீர்மானிக்கிறது. டெபியனில் ஓட்டு உண்டு, ஆனால் பெரிய விவகாரங்களுக்கு. தெரிவுகளை விருப்ப வரிசையில் எழுதி, ஒவ்வொரு சோடியாக மோதவிட்டு எண்ணுவார்கள். போன செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணியபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பாதிப் பேர் என்னிடம் வந்து விளக்கம் கேட்டார்கள். நான் டெபியனை வைத்து விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை.

இலங்கைக்கு இந்த +1 பழக்கம் ஒன்றும் புதிதில்லை. அப்பாச்சியின் வலைச்சேவைத் திட்டமான அக்சிஸ்2 காலத்திலிருந்தே, அதாவது 2000-களின் நடுப்பகுதியிலிருந்து, நம் நாட்டவர்கள் அப்பாச்சியில் நிறைய. மாணவர்களை ஓப்பன் சோர்ஸ் நிரல் எழுதவைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடின் முதல் பத்து வருஷத்தில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். மலையிலிருந்து போனவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

2025 ஜூன் 5, இரவு 10.00

கண்டியிலிருந்து ஒரு அக்கா காரமாக எழுதியிருக்கிறார். "72 மணிநேரம், மூன்று பேர், வாக்குமூலம் என்றெல்லாம் பெருமையடிக்கிறீர்களே, லாக்4ஜே என்ன ஆயிற்று?"

நியாயம். 2021 டிசம்பரில் லாக்4ஜே-யில் (ஜாவா நிரல்கள் தங்கள் நடப்பைக் குறித்துவைக்கப் பயன்படுத்தும் அப்பாச்சித் திட்டம்) இருந்த பாதுகாப்புத் துளை வெளியே தெரிந்ததும் 2.15.0-க்கு 72 மணிநேரம் காத்திருக்கவில்லை. காத்திருக்கவும் முடியாது, உலகமே எரிந்துகொண்டிருந்தது. ஆர்சி1-ஐ ஏய்க்க வழி இருந்தது, ஆர்சி2 போட்டார்கள், அதுவும் முழுசாக அடைக்கவில்லை. 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாசத்துக்குள்ளேயே வரிசையாக வந்தது. அந்த 72 "இருக்க வேண்டும்" என்ற அளவில்தான் உள்ளது, அவசரத்துக்குக் குறைக்கலாம். அது நிரலுக்காக வைத்ததுமில்லை, மனிதர்களுக்காக வைத்தது: ஒருத்தர் தூங்குவார், ஒருத்தருக்கு விடுமுறை, ஒருத்தருக்குக் கரண்ட் இருக்காது.

அக்காவுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் விவகாரம். 5.6.0, 5.6.1 பொதிகளுக்குள் பின்கதவு. அதை இயக்கிவிடும் கட்டுமானக் கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது. தூரத்துக் கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டால்தான் பிடிபட்டது. அங்கே வாக்கெடுப்பு எதுவும் கிடையாது, ஒரே பராமரிப்பாளர் கட்டி, ஒரே கையெழுத்து. மூன்று பேர் டேக்கோடு பொதியை ஒப்பிட்டிருந்தால் அந்தக் கோப்பு கண்ணில் பட்டிருக்கும். மூன்று பேரும் பஸ்ஸில் நின்றிருந்தால் பட்டிருக்காது.

2025 ஜூன் 7, சனி, மாலை 5.00

ஆர்சி2 வந்துவிட்டது, கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் -1 பற்றி ஒரு பழைய கோபம்.

இரண்டு வெளியீட்டுக்கு முன்னால் ஒரு ஆர்சியில் என் இயந்திரத்தில் மட்டும் ஒரு சோதனை உடைந்தது. கணினியின் இன்றைய நேர வித்தியாசத்தை எடுத்து 2001-ஆம் வருஷத் தேதி ஒன்றுக்குப் போட்டுப் பார்த்தது அந்தச் சோதனை. பெங்களூரில் இருப்பவனுக்குத் தேறிவிடும். நமக்குத் தேறாது. 1996-இல் நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு வந்தபோது மே மாசம் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அரை மணிநேரம் பின்னே. 2006 ஏப்ரலில்தான் மறுபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணிநேரம் முன்னால் என்ற பழைய கணக்குக்கு வந்தோம். ஆகவே 2001-இல் கொழும்பு நேரம் ஆறு மணிநேரம், ஐந்தரை இல்லை.

நான் -1 (பைண்டிங்) போட்டு ஒரு பக்கம் எழுதினேன், மின்வெட்டுக் கதை உட்பட. மேலாளர் "அருமையான விளக்கம், சோதனைதான் தப்பு, நிரல் சரி" என்று பதில் போட்டுவிட்டு நாலு +1-ஓடு வெளியிட்டுவிட்டார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இப்போது யோசித்தால் அவர் செய்ததுதான் சரி. எனக்குச் சரித்திரம் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட மனசில்லை, அவ்வளவுதான். நடுநிலையாக +0 போட்டு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

2025 ஜூன் 9, இரவு 9.15

மழை. நேற்று மாலையிலிருந்து கரண்ட் இல்லை, கட்டுமானம் பாதியில் போனது. இப்போதுதான் வந்தது.

இதற்குள் தம்பி ஆர்சி2-க்கு -1 (நான்-பைண்டிங்) போட்டிருக்கிறார், மடல் ஒன்றரைப் பக்கம். ஜாவா எந்தப் பதிப்பு, எந்த உபுண்டு, ஹேஷ் பார்த்தது, டேக்கோடு ஒப்பிட்டது, எல்லாம் வரிசையாக. காரணம்: "ஸ்ரீபாத" என்று தேடினால் பாதிப் பதிவுகள் வருவதில்லை.

அது கொட்டகலை மாதிரி இல்லை. ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, ஶ-வில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. அந்த இரண்டாவது எழுத்து யூனிகோடுக்குள் வந்ததே 2005-இல்தான். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், ஆனால் யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை, ஆகவே ஒன்றாக்கும் படி தொடாது. போன பதிப்பிலும் இதே கதைதான். ஏற்கனவே இருந்த குறையை வைத்து ஆர்சியை நிறுத்துவதில்லை, புதிதாக உடைந்திருந்தால்தான் நிறுத்துவது. இல்லையென்றால் எந்தக் காலத்திலும் எதுவும் வெளியே போகாது.

இதை அவருக்கு எழுதினேன். இந்த முறை நாலு பத்தி.

2025 ஜூன் 10, பொசன் போயா, மதியம் 1.00

தம்பி ஓட்டை +1-ஆக மாற்றிவிட்டார். முடியும்வரை மாற்றலாம். ஸ்ரீக்குத் தனியாக ஒரு இஷ்யூ (குறைப் பதிவு) திறந்து, இரண்டு வடிவத்தையும் ஒன்றாகப் பார்க்கும் சிறு வடிகட்டி ஒன்றும் எழுதி அனுப்பியிருக்கிறார். போகிற போக்கில் "நோட்டீஸ் கோப்பில் இன்னும் 2024 என்று இருக்கிறதே அண்ணா" என்கிறார். நான் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், திறந்து பார்க்கவில்லை. அதுவும் ஆர்சியை நிறுத்தும் விஷயமில்லை, அடுத்ததில் திருத்துவோம்.

என் +1 (பைண்டிங்) காலையில் போனது. வீட்டு மேசையிலிருந்து, முழுக்கக் கட்டியபிறகு.

2025 ஜூன் 11, காலை 6.50

முடிவு மடல் வந்துவிட்டது. பைண்டிங் +1 நாலு, நான்-பைண்டிங் +1 மூன்று, -1 இல்லை. நாங்கள் சோதித்த அதே பொதி, ஒரு பைட்டும் மாறாமல், வெளியீட்டு இடத்துக்கு நகர்ந்தாயிற்று.

நான்-பைண்டிங் பட்டியலில் மூன்றாவது தம்பி. பேரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. திருத்தச் சொல்லி மேலாளருக்கு மடல் போட்டிருக்கிறேன்.